வலது கையில் வாங்கிய பட்டன்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பெருநாள் முடிந்த மறுவாரம் நடந்தது இது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலேயே கல்யாண ஆர்டருக்குத் தம்ரோட்டு இனிப்பும் கைமுறுக்கும் செய்து கொடுப்பவள் நான். பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று வலது கை இரண்டு விரலில் தொட்டுச் சொல்லிவிடுவேன். சூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம் என்ற திமிரும் உண்டு.

அந்த வலது கைக்குத்தான் நடுக்கம் வந்தது. முதலில் டீ டம்ளர் தளும்பியது. பிறகு முறுக்குச் சுற்ற முடியவில்லை. மகள் சுற்றினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னேன். அதையாவது பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சாப்பாடுதான். இடது கையால் சாப்பிடும் வழக்கம் எங்களிடம் கிடையாது. வலது கையில் எடுத்த சோறு வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் கிடக்கும். ஆறு வருடம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் உட்காரவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன்.

மாத்திரைக்கு நடுக்கம் கேட்கவில்லை. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கத்தி வைக்காமல், மண்டைக்குள் ஒலியலைகளைக் குவித்து, நடுக்கத்துக்குக் காரணமான ஒரு புள்ளியை மட்டும் சுட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மகள் கூட்டிப்போனாள். எனக்கு வந்தது தொழில் சந்தேகம். உள்ளே விரலை விட்டா சூடு பார்ப்பீர்கள் என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எம்.ஆர்.ஐ. மிஷின் பார்த்துக்கொள்ளும் என்றார். சூடு ஏறினால், நம் உடம்பிலிருக்கும் தண்ணீரிலிருந்து அந்த மிஷினுக்கு வரும் சிக்னல் கொஞ்சம் மாறுமாம். அதைக் கணக்கிட்டு, எந்த இடம் எத்தனை டிகிரி என்று அப்போதைக்கப்போது திரையில் காட்டுமாம். முதலில் மிதமாகச் சூடாக்கி இடம் சரிதானா என்று பார்ப்பார்கள். அதில் கை அடங்கினால்தான் நிரந்தரமாகச் சுடுவார்கள். அட, பாகுக்குத் தீயைக் கூட்டுகிற மாதிரிதானே என்று சமாதானமாகிவிட்டேன்.

தலையை மொட்டையடித்தார்கள். முக்காட்டின் புண்ணியத்தில் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை அது தெரியாது. ஒரு தாளில் சுருள் வட்டம் வரையச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் முறுக்குச் சுற்றிய கை, கோழிக் கிறுக்கலாகக் கிறுக்கியது. பிறகு தலை அசையாமல் ஒரு வளையத்தை மாட்டி முடுக்கினார்கள். மயக்க மருந்து கிடையாது. ஒரு பட்டனைக் கையில் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அமுக்குங்கள், எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள்.

முதல் தடவை, ஆரம்பித்த சில நொடியிலேயே நின்றுவிட்டது. வலிக்கிறதா என்று ஸ்பீக்கரில் கேட்டார்கள். இல்லை என்றேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவையும் சூடு ஏறுவதற்குள் நின்றது. நான் பயந்து அமுக்குகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். மிஷின் கோளாறு என்று நான் நினைத்தேன். பயமாக இருந்தால் இன்றைக்கு விட்டுவிடலாமா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்று டாக்டர் தயங்கிக் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு நாள் வர எனக்குத் தைரியம் வராது என்பது எனக்கே தெரியும்.

என்ன ஏது என்று பார்க்க நர்ஸ் உள்ளே வந்தாள். எங்கள் திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டிப் பெண். வந்தவள் என் கையையே பார்த்தாள்.

"ஏம்மா, பட்டனை இடது கையிலதான குடுத்தேன். வலது கைக்கு எப்ப மாத்துனீக?"

உண்மைதான். ஒருத்தர் கொடுப்பதை இடது கையில் வைத்துக்கொள்வதா என்று, யோசிக்காமலே மாற்றிப் பிடித்திருக்கிறேன். ஆடுகிற கை தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுக்கத்தைப் போக்க வந்த இடத்தில், நடுக்கமே வைத்தியத்தை நிறுத்திக்கொண்டிருந்தது.

"இடது கையில எப்படித்தா வாங்குறது?" என்றேன்.

"நானும் அந்தப் பக்கத்துக்காரிதாம்மா, எனக்குத் தெரியாதா? இன்னைக்கு ஒரு நாளைக்கு வச்சுக்கங்க. அல்லா கோவிச்சுக்க மாட்டாரு."

பட்டனை இடது கையில் வைத்து விரல்களையும் மடக்கிவிட்டாள். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அசைந்தால் சூட்டுக் கணக்குத் தப்பிப்போகும், சிரிக்காதீர்கள் என்று ஸ்பீக்கரில் அதட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பிஸ்மில்லா சொன்னேன்.

இந்தத் தடவை நிற்கவில்லை. தலை லேசாகச் சுற்றியது. சூடு சரியான இடத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வெளியே இழுத்து, கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அது சும்மா இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு என் கை சும்மா இருந்தது. அடுத்து நிரந்தரமாகச் சுட்டு முடித்ததும் மறுபடியும் தாளை நீட்டினார்கள். கோணல் இல்லாமல் ஒரு சுருள் போட்டேன். நர்ஸ் கைதட்டினாள், மகள் அழுதாள். நான் அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் இன்னொன்று சுற்றி, முறுக்கு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மகளிடம் காட்டினேன்.

அதற்கடுத்த மாதம் திண்டுக்கல்லில் என் தங்கை மகள் நிக்காஹ். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிரியாணியில் தால்ச்சாவை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன், ஒரு பருக்கை சிந்தவில்லை. இன்னொரு தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்திலாவது யாராவது பசியில்லை என்று பந்தியை விட்டு ஒதுங்கி நின்றால், நான் விடுவதில்லை. பக்கத்தில் போய் நின்று, உங்கள் கையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று மெதுவாகக் கேட்கிறேன்.