பாட்டு முடிஞ்சப்புறம் ஒரு கைத்தட்டல்

பேய் பிசாசெல்லாம் நம்புற ஆளு இல்லீங்க நான். பாயான் லெப்பாஸ் பெக்டரியில பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு, லீவு நாள்ல கோயில் மேடையில பாடுறவளுக்குப் பேயப் பத்தி நெனைக்க எங்க நேரம்? நீங்க சிரிச்சாலும் சரி, நடந்ததச் சொல்லிடுறேன்.

மணியம் அண்ணேன்னு ஒருத்தரு. நான் எங்க பாடினாலும் அக்கரையில சுங்கை பாக்காப்புலேருந்து மோட்டார் சைக்கிள்ல கடல் பாலம் தாண்டி வந்து முன்வரிசையில உக்காந்துருவாரு. இடது கையில ரெண்டு விரல் மெஷின்ல போயிருச்சு, அதனால அவரு தட்டுனா டொப்பு டொப்புன்னு தனியாக் கேக்கும். ஒரே தொல்லை என்னன்னா, நான் கடைசியாப் பாடுற அம்மன் பாட்டுல ஓர் இடத்துல நீட்டி இழுத்து நிறுத்துவேன், அப்புறம்தான் கடைசி வரி. அவரு அந்த இடத்துலயே தட்டிருவாரு. ஒவ்வொரு தடவையும்! போன வருசம் ஒரு நாள், தூக்கமில்லாத எரிச்சல்ல மைக்லயே, "அண்ணே, பாட்டு இன்னும் முடியல லா, சும்மா இருங்க"ன்னுட்டேன். கூட்டமே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு, கைய மடியில வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் வரவே இல்ல. மன்னிப்புக் கேக்கணும்னு மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஆனா அவரு நம்பர்கூட என்கிட்ட இல்ல.

இந்தப் பங்குனியில டவுன்ல ஒரு கோயில், பட்டப்பகல், அன்னதானம். எல்லாரும் சோத்து வரிசையில நிக்கிறாங்க, மேடைக்கு முன்னால அம்புட்டு நாற்காலியும் காலி. தொண்டை வேற கட்டிக்கிச்சு. யாருக்காகப் பாடுறேன், இதோட விட்டுறலாம்னு நெனச்சுக்கிட்டேதான் பாடினேன். கடைசி வரியும் முடிஞ்சுது. அப்பத்தான் கேட்டுச்சு, முன்வரிசையிலேருந்து. டொப்பு. டொப்பு. டொப்பு. திரும்பிப் பாத்தா நாற்காலியில யாருமே இல்ல. தபலா சேகரு நிமிந்து பாத்து, "அக்கா, மணியம் அண்ணே வந்துட்டாரா? ஆளக் காணோமே"ங்கிறான்.

கீழ எறங்குனா ஒரு அம்மா காத்துக்கிட்டு நிக்கிறாங்க. மணியம் அண்ணே சம்சாரம். அவரு தவறிப் போயி மூணு மாசமாச்சாம், என்னைத் தேடித்தான் வந்திருக்காங்க.

"ஆஸ்பத்திரியில உன் பாட்டத்தான்மா போன்ல போடச் சொல்லுவாரு. முடியிற வரைக்கும் கைய அடக்கி வச்சிருந்து, அப்புறம்தான் தட்டுவாரு. அடுத்த தடவ கரெக்டா தட்டிருவேன், அந்தப் பொண்ணு கோவிச்சுக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு"ன்னாங்க. நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

அதுகூடப் போகட்டும். சேகரு அன்னிக்குப் பாட்ட போன்ல பதிஞ்சு வச்சிருந்தான். அதுல கைத்தட்டலே இல்ல. சாப்பாட்டுத் தட்டு சத்தம், புள்ளைங்க சத்தம், அவ்வளவுதான். கடைசி வரி முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு, என் குரல் மட்டும் மைக்ல தெளிவாக் கேக்குது.

"மன்னிச்சிருங்கண்ணே."

சாமி சத்தியமாச் சொல்றேன், பாட்டு முடிஞ்சப்புறம் மேடையில நான் வாயே தெறக்கல.