மாலை போட்ட மாமாவும் பழுப்பு அரிசி டப்பாவும்

மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்தில்தான் அவர் சபரிமலைக்கு மாலையும் போட்டார். அதே வாரம் ஓசூரில் எங்கள் வாடகை வீட்டுக்குள் ஒரு மூட்டை கைக்குத்தல் அரிசி வந்து இறங்கியது. மாத்திரை போடுங்கள், வெள்ளைச் சோற்றைக் குறையுங்கள், நடங்கள், மலையிலிருந்து வந்ததும் மறுபடி ரத்தம் பார்ப்போம், இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்திரத்தில் விரல் நசுங்கியபோதுகூட முனகாத மனிதர், ஊசி என்றதும் வெளிறிப்போனார்.

ஆனாலும் முதல் நாள் அந்தப் பழுப்புச் சோற்றில் ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டை மெல்லத் தள்ளினார். மூட்டை தீர்கிறவரைக்கும் பார்ப்பேன், பிறகு பழைய அரிசிதான், நடப்பது நடக்கட்டும் என்றார். அவர் மனைவி, என் அக்கா, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு அவர்கள் வீட்டில் தங்கி, பெங்களூருக்கு இண்டர்வியூ இண்டர்வியூவாகப் போய்வந்துகொண்டிருந்தேன். போன இடமெல்லாம் கூப்பிடுகிறோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. அக்கா விடியுமுன் வேலைக்குச் சிப்காட் பஸ் ஏறிவிடுவாள். அதனால் மாமாவின் மதியச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், மூட்டை தீர்வதற்குள் அவர் வாயாலேயே நல்லாயிருக்கு என்று சொல்ல வைக்கிறேன் என்று சவால் விட்டேன்.

“மொதல்ல வெந்நி வைக்கப் பழகு” என்றாள் அக்கா.

மாலை போட்டவருக்கு முட்டைகூட ஆகாது. எல்லாமே சைவம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினால் ப்ரோக்கோலி, பாதாம், காளான் என்று வந்தது. எங்கள் தெரு மளிகைக் கடையில் அதில் பாதி கிடையாது. சரி என்று எனக்குத் தெரிந்ததில் இறங்கினேன். எலுமிச்சை, புளி, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலைப் பொடி. தினம் ஒன்று. காலையில் வாணலியிலிருந்து எடுத்து ஒரு கரண்டி தின்று பார்ப்பேன். அபாரமாக இருக்கும். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வரும். ஒரு பருக்கை மிச்சமிருக்காது. நான் அக்காவைப் பார்த்துச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு உழவர் சந்தைக்குப் போனேன். அந்த ஒன்றரை மாதமும் அவர் எனக்குச் சாமி, நானும் அவருக்குச் சாமி. கூட்டத்தில் இன்னொரு கறுப்பு வேட்டிச் சாமி கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம், மாமாவின் தொழிற்சாலையில் அதே லைனில் வேலை. மாலை போட்டவர்கள் இருவர் மட்டும் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்களாம். என்னை யாரென்று தெரிந்துகொண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்கதானா சாமி சமைக்கிறது? தினமும் உங்க டப்பா நாந்தான் சாப்பிடுறது. எங்க வீட்டு சித்ரான்னம் அவருக்கு, உங்க அரிசி எனக்கு. எனக்குப் பல்லு நல்லா கெட்டி சாமி.”

மாமா ஒரு கீரைக்கட்டைத் தூக்கி அதன் வேரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். மாலை போட்டவர் பொய் சொல்லக் கூடாது. அவர் சொல்லவும் இல்லை. காலி டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார், அவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்று நானும் கேட்டதில்லை, காலி டப்பாவைப் பார்த்ததும் நானே முடிவு கட்டிக்கொண்டேன். இவ்வளவு நாளும் சித்ரான்னம் என்ற பெயரில் எலுமிச்சை பிழிந்த வெள்ளைச் சோறுதான் அவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மூட்டையோ பாதிக்கு வந்துவிட்டது.

பைகளோடு திரும்பி நடக்கும்போது அவராகவே வாயைத் திறந்தார்.

“அடுப்புல இருந்து எடுக்கையில நல்லாத்தான் சாமி இருக்கு. பன்னெண்டரைக்குத் தொறந்து பாருங்க, சரளக்கல்லு. மென்னு முழுங்குறதுக்குள்ள சங்கு ஊதிர்றான்.”

மறுநாள் இரண்டு டப்பா கட்டினேன். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றை அலமாரியில் வைத்தேன். ஓசூர் மார்கழிக்குளிரில் அது மத்தியானம்வரை கிடந்தது. திறந்து ஒரு வாய் போட்டேன். தாடை வலித்தது. அத்தனை நாளும் காலையில் ருசி பார்த்து மத்தியானத்துக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

தப்பு எங்கே என்பது அப்போதுதான் பிடிபட்டது. கலந்த சாதம் என்றால் உதிரி உதிரியாக இருக்க வேண்டும் என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படியே தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு, ஃபேனுக்கடியில் ஆற வைத்துத்தான் கலந்தேன். வெள்ளை அரிசிக்கு அது சரி. இந்த அரிசியோ ஆற ஆற இறுகுகிறது. இதற்கு ராத்திரியே ஊற வேண்டும், தண்ணீர் தாராளமாக விட வேண்டும், குழைய வேக வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஈரமான ஏதோ ஒன்றோடு கலக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று என்ன?

அது கீழ் வீட்டு வாசலிலேயே இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். தெற்கேயிருந்து வந்த எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாமியாரிடம் தெலுங்கு, பிள்ளைகளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசும் கீழ் வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நான் பிதுக்கிய முதல் பருப்பு சுவரில் அடித்தது, இரண்டாவது அவர் கன்னத்தில்.

“பருப்ப கொழம்புக்கு உடுப்பா, எனக்கு எதுக்கு?” என்றார்.

அன்று பிதுக்கின பருப்பில் தேங்காயும் இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டுக் கெட்டியாகக் குழம்பு வைத்தேன். அவர் கொடுத்த சப்சிகே என்கிற சதகுப்பைக் கீரையைக் கிள்ளிப் போட்டதும் வீடே மணத்தது. ஆவி பறக்கிற சோற்றை அதில் கொட்டி மசித்து, ஒரு ஸ்பூன் நெய், அரை மூடி எலுமிச்சை. மேலே தூவிக்கொள்ள வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து ஒரு காகிதத்தில் மடித்தேன். முதல் நாள் எனக்கு மட்டும் கட்டி, பன்னிரண்டரைக்குத் திறந்தேன். அரிசி குழம்பைக் குடித்துப் பூத்திருந்தது. பருப்பு வெண்ணெய் மாதிரி கரைந்தது. நின்றுகொண்டே முழு டப்பாவையும் தின்று முடித்தேன்.

அடுத்த நாள் அது மாமாவோடு போனது. சாயங்காலம் டப்பா காலி. இந்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை. குளிக்கப் போனவரை மறித்து, யார் சாப்பிட்டது என்று நேராகவே கேட்டேன். அக்கா முறத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

மாமா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“பாதிதான் சாமி நான். மீதிய அந்தாளு புடுங்கிட்டான்.” குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “நாளைக்கிச் சேத்தே வைங்க. அவன் சித்ரான்னம் எனக்கு வேணாம்.”

அக்கா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. தயிரும் துருவின கேரட்டும் கலந்து, தாளித்த மோர்மிளகாயை உடைத்துப் போட்டேன். முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைத்தேன். தக்காளித் தொக்கில் பச்சைப் பட்டாணி போட்டேன். எல்லாம் ஈரமாக, எல்லாம் சுடச்சுடக் கலந்தவை, எல்லாம் பன்னிரண்டரைக்கு நான் தின்று பாஸ் போட்டவை. பாகலூர்ச் சாமி தன் மனைவியிடம் சொல்லி, அவர் வீட்டிலும் அதே அரிசி வாங்க ஆரம்பித்துவிட்டார். இல்லாவிட்டால் என் டப்பா தப்பிக்காது என்று மாமாதான் வற்புறுத்தினாராம்.

இருமுடி கட்டுவதற்கு முன்பே மூட்டை தீர்ந்தது. மடித்து வைத்த வெறும் சாக்கைப் பார்த்துக்கொண்டு அக்கா சமையலறையில் நின்றாள். நானும் நின்றேன். மாமா சொன்ன சொல் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. வெளியே பைக் சத்தம் கேட்டது. பெட்ரோல் டேங்க்மேல் ஒரு புது மூட்டையை அணைத்துப் பிடித்தபடி அவர் வந்து இறங்கினார். அதே அரிசி.

மலையிலிருந்து வந்த பிறகு பார்த்ததில் சர்க்கரை இறங்கியிருந்தது. இப்போதைக்கு ஊசி வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார் டாக்டர். மாத்திரை எவ்வளவு செய்தது, காலை நடை எவ்வளவு செய்தது, அரிசி எவ்வளவு செய்தது என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மொத்தப் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அக்காவுக்கு வெந்நி வைத்துக் கொடுத்தேன்.