உமரிக்கு ஒரு கிரேக்கச் சொல்

என் குறிப்பேட்டில் கார்த்திகை நான்கு, வியாழக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: “புது போர்த் தண்ணீர். மச்சினன் நாக்குக்கு நல்ல தண்ணீர். என் நாக்குக்கும் அப்படியே. தங்கச்சி துப்பிவிட்டாள். கொல்லையில் உமரி. அறிவியல் பெயர் பார்க்க.”

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. தேவிபட்டினத்துக்கு மேற்கே அவனுக்கு மிளகாய்க் கொல்லை. அந்த வருடம் மழை பிந்தியதால் போர் போட்டிருந்தான். நாற்று பருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் நடாவிட்டால் முற்றிப்போகும். புதுத் தண்ணீர் சரியாக இருந்தால்தான் அந்த வருட வெள்ளாமை.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை நாக்குதான் முதலில் சோதிக்கும். மச்சினன் உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சினான்.

“இளநி கெட்டுச்சு போங்க அத்தான்.”

நானும் குடித்துவிட்டுத் தலையாட்டினேன். அவன் மனைவி தேனிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குத் தங்கச்சி முறை. ஒரு வாய் வைத்தவள் வரப்பில் துப்பினாள்.

“உப்புக் கரிக்குதுண்ணே. இதையா நாத்துக்குப் பாய்ச்சப் போறீக?”

“ஆத்துத் தண்ணி குடிச்ச நாக்கு,” என்றான் மச்சினன். “அதுக்கு எங்க ஊரு மழைத்தண்ணியே கரிக்கும்.”

“உங்க நாக்கு உப்புல ஊறுன நார்த்தங்கா. அதுகிட்டப் போய்க் கேட்டா வேற என்னத்தச் சொல்லும்?”

அவள் கொல்லையின் கீழ்க்கோடியைக் காட்டினாள். கட்டில் போடும் அளவுக்கு ஓர் இடம். அங்கே புல்கூட இல்லை. உமரி மட்டும், தடித்த சின்ன இலைகளோடு, நுனி சிவந்து படர்ந்திருந்தது.

“கடக்கரைச் செடிக்கு இங்கன என்ன வேலை?”

“களைதான. வருசா வருசம் புடுங்கத்தான் செய்யிறேன்.”

நான் ஓர் இலையைக் கிள்ளி மென்றேன். என் நாக்குக்கே கரித்தது.

வீட்டுக்கு வந்து தாவர நூல்களைப் புரட்டினேன். உமரியை ‘ஹாலோபைட்’ வகையில் சேர்த்திருந்தார்கள். ‘பைட்’ என்பது செடி. ‘ஹாலோ’ கிரேக்கத்து ‘ஹல்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, பொருள் உப்பு. பழைய கிரேக்கக் கவிதைகளில் அதே சொல் கடலையும் குறித்தது. அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பள்ளியில் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த ‘ஹாலோஜன்’ உப்பை உண்டாக்குவதாம். உப்பு விளையப்போகும் நேரத்தில் உப்பளப் பாத்திகள் செந்நிறமாவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நிறத்தைத் தரும் நுண்ணுயிர்களின் பெயரும் ‘ஹாலோ’ என்றே தொடங்குகிறது. எந்தக் கரையிலோ நின்று உப்புக்கும் கடலுக்கும் ஒரே பெயர் வைத்தவர்களின் சொல், இத்தனை காலம் கடந்து, என் மச்சினன் களை என்று பிடுங்கிய செடியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தச் செடியோ உப்பைக் குடித்து, இலைக்குள் அடைத்துவைத்து, செழிப்பாக வாழ்கிறது.

மறுநாள் போய்ச் சொன்னேன். “உமரிக்கு அந்த வித்தை தெரியும் மாப்ள. ஒன் நாத்துக்குத் தெரியாது.”

அவன் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்றங்காலின் ஒரு மூலைக்கு மட்டும் போர்த் தண்ணீர் விட்டுப் பார்த்தான். நான்காம் நாள் அந்த மூலையில் இலை ஓரங்கள் கருகியிருந்தன. அன்றே தண்ணீர் இறைக்கும் இன்ஜினைக் கண்மாய்க்கு இழுத்துப்போய், கிடந்த கொஞ்சத் தண்ணீரைக் கொண்டுவந்து நட்டான். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நட்டதில் பெரும்பாலும் பிழைத்தது. கீழ்க்கோடியை உமரிக்கே விட்டுவிட்டான். இப்போது அக்கம்பக்கத்தில் யார் போர் போட்டாலும் ருசி பார்க்கத் தங்கச்சிக்குத்தான் ஆள் வருகிறது.

மச்சினனின் போர்த் தண்ணீரைப் பிறகு சோதனைக்கு அனுப்பினோம். உப்பு என்றுதான் எழுதி வந்தது. ஆனால் அது இன்றைய கடல் மண்ணுக்கடியில் ஊர்ந்து வந்த உப்பா, எப்போதோ அந்தக் கொல்லையே கடலாகக் கிடந்தபோது தங்கிவிட்ட உப்பா என்று அதில் இல்லை. இரண்டுக்கும் இதுவரை எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் அந்த வியாழக்கிழமைக்கு எதிரே ‘உப்பு வந்த வழி உறுதியாகவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.