பிஸ்கட் டின்னில் ரப்பர்க் கொட்டை

பக்கத்து வீட்டுப் பிள்ளை நேற்று பிஸ்கட் டின்னுக்குள் ரப்பர்க் கொட்டையைப் போட்டது. டங்கென்று கேட்டதும் என் கை தானாக மூடிக்கொண்டது.

மலேசியாவில் காப்பார் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம். இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனைதான். நான் சின்னவளாக இருந்தபோது, ஒரு பள்ளி லீவில் கோலாலம்பூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து, வயசுப் பிள்ளைகளை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கூட்டி வைத்துக் கூட்டுறவு சொல்லிக்கொடுத்தார். தினம் ஒருவரைத் தலைவராக்குவார். கடைசி நாள் நான்.

"நமக்குன்னு ஒரு கடை வேணும்னா டின்னுல கொட்டையைப் போடுங்க. வேணாம்னா கையிலயே வெச்சுக்குங்க. சும்மா பழகத்தான்" என்று ஆளுக்கொரு ரப்பர்க் கொட்டை கொடுத்தார்.

தோட்டத்தில் இருந்த ஒரே கடை கங்காணியுடையது. அப்பாவுக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். அன்று அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"போடுங்கலா. எனக்குக் காது நல்லா கேக்கும்" என்று சிரித்தார்.

டின்னைத் தூளித் துணியால் மூடியிருந்தார்கள். சத்தத்தைத் துணி மூடுமா? தலைவி என்பதால் முதலில் போடவேண்டியவள் நான். கொட்டை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, இரு, நாங்களும் வரோம்" என்றாள் பின்னால் நின்ற முனியம்மா. எல்லாரும் நெருக்கியடித்துத் துணிக்குள் கையை விட்டோம். படபடவென்று விழுந்தது.

கங்காணி எழுந்தார்.

"கையை விரிங்க."

வெறுங்கையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் விரிக்கவில்லை.