மூன்று தடவை நின்ற சங்கரன்கோவில் பஸ்

பகல் இரண்டு மணிக்குக் கோவில்பட்டியில் பஸ் கிளம்பும் என்றார்கள். கிளம்பும்போது என் கடிகாரத்தில் இரண்டே முக்கால். சங்கரன்கோவிலுக்குச் சுமார் இருபத்தைந்து மைல், கட்டணம் பதினாலு அணா. அன்று ஆடித் தபசு. மாலை ஆறு மணிவாக்கில் தவமிருக்கும் கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பார். அந்த நேரத்தில் கரிசல்காட்டுச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், கம்பு எல்லாவற்றையும் சப்பரத்தின் மேல் வீசுவார்கள். அதைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து ரயிலேறி வந்தேன். தவறிப்போனால் எனக்கு ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

முன் வரிசையில் மடியில் பஞ்சுப் பொதியோடு இருந்த செல்லம்மாளுக்கு அப்படியில்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துச் சம்சாரி வீட்டுப் பெண், நாற்பது வயதிருக்கும். காட்சி பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று விரதம். நான் கேட்காமலே சொன்னாள்: "போன வருசம் இந்தக் கரிவண்டிய நம்பி வந்து பிந்திட்டேன் சார். நேந்த பஞ்சக் கொண்டுட்டுத் திரும்பிப் போனேன். பொங்கலுக்குள்ள ஒரு காளை செத்துப் போச்சு. இந்த வருசமும் பிந்தினா இன்னொண்ணும் போயிரும். பொறவு எதை வச்சு உழ?"

யுத்த காலத்தில் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய வண்டிதான் அது. அடுப்பைக் கழற்றிப் பெட்ரோலுக்கு மாற்றி ஆறு மாதமாகிறது என்றார் டிரைவர் பிச்சையா. "இனி நிக்காது தாயி, நான் பொறுப்பு" என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தார். வாக்குக் கொடுக்கிற வாயைத் தைக்க வேண்டும்!

மூன்று பத்து. ஐந்தாவது மைல் கல்லருகே வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. ஆடிக்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. பிச்சையா எஞ்சின் மூடியைத் தூக்கி, நம் சொம்பைவிடச் சிறியதான ஒரு ஈயநிறச் சாமானைக் காட்டினார்.

"கார்ப்பரேட்டர் சார். பெட்ரோல அப்படியே ஊத்தினா எஞ்சினுக்குச் செமிக்காது. காத்தோட கலந்து ஆவியாக் குடுக்கணும். இந்தக் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கும். உள்ள ஒரு மிதவை. கிண்ணம் நிறைஞ்சா மிதவை மேல வந்து ஒரு ஊசிய வச்சு வழிய அடைச்சிரும். குறைஞ்சா தொறந்து விடும். எஞ்சின் காத்த இழுக்கையில, ஜெட்டுங்குத இந்தப் பொடித் துவாரம் வழியாப் பெட்ரோலும் கூடவே தெறிச்சு வரும். அவ்வளவுதான் வித்தை."

கிண்ணத்தைக் கழற்றினார். சொட்டு இல்லை. "ஊசி ஒட்டிக்கிட்டு. வருசக்கணக்காச் சும்மா கெடந்த சாமான்லா? சார், தொட்டியில எவ்வளவு இருக்குன்னு பாருங்களேன்." தொட்டி அவருடைய இருக்கைக்கு அடியில் இருந்தது; மூடி மட்டும் முன் வரிசைக்குத் தெரியும்படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் மூடியைத் திருகினேன். சோடா உடைத்ததுபோல் 'புஸ்' என்றது. குச்சி விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. அங்கே அவர் ஸ்பானரால் ஊசியைத் தட்ட, பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. ஜெட்டை வாயால் ஊதி மாட்டினார். வண்டி கிளம்பியது. எனக்கு உதவி செய்த பெருமை.

நான்கு மணிக்குக் கழுகுமலை. ஒரு அணாவுக்குக் காப்பி. புழுதிக்கு விலை இல்லை. அதைத் தாண்டி மூன்றாவது மைலில் மறுபடியும் அதே இருமல். கிண்ணம் காய்ந்திருந்தது. அவர் தட்டினார், நான் மூடியைத் திறந்தேன், அதே 'புஸ்', பெட்ரோல் வந்தது. இந்தத் தடவை அவர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகையும் அரைச் சுற்றுத் திறந்துவிட்டார். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு நொண்டிக் குதிரையாய் ஓடியது.

"அண்ணாச்சி, நீரு வண்டி ஓட்டுதீரா, வைத்தியம் பாக்கீரா?" என்றாள் செல்லம்மாள்.

ஐந்து பத்து. ஊருக்கு நாலு மைல் இருக்கும்போது மூன்றாவது தடவை நின்றது. என் வெள்ளை ஜிப்பா முழுக்கப் பெட்ரோல் கறை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பதினாலு அணாவும் கொடுத்துவிட்டுக் கிளீனர் வேலையும் பார்ப்பதா? இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிச்சையா தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். பெட்ரோல் வரவில்லை. செல்லம்மாள் பொதியை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

பிச்சையா நிமிர்ந்தார். "சார், மூடியத் தொறந்தியளா?"

"இல்லை."

"ரெண்டு தடவையும் தொறந்தியளே, ஏதும் சத்தம் கேட்டுதா?"

"புஸ் என்றது."

"அட, அதச் சொல்லக்கூடாதா சார்!" என்று ஓடிவந்து தாமே திறந்தார். 'புஸ்.' அங்கே கிண்ணத்தின் மேல் பெட்ரோல் சொட்டியது. மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துவாரம் உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். காற்றுப் போகாவிட்டால் பெட்ரோலும் வராது. துவாரத்தை எதுவோ அடைத்திருந்தது. பிச்சையா குண்டூசியால் கிண்டி எடுத்தார். புழுதி ஏறிக் கறுத்த ஒரு சிட்டிகைப் பஞ்சு.

செல்லம்மாளின் முகம் வெளிறிவிட்டது. "நாந்தான் வச்சேன்" என்றாள். "கோவில்பட்டியில நீரு காப்பி குடிக்கப் போயிருந்தீரு. மண்ணு பறந்துது. துவாரத்தைப் பாத்தேன், உள்ள மண்ணு போனா வண்டி நின்னுருமேன்னு..."

அந்தச் சீமையில் துவாரத்தைக் கண்டால் பஞ்சைத்தான் அடைப்பார்கள். எண்ணெய்ப் புட்டிக்கும் பஞ்சு, வாடைக்காற்றில் காதுக்கும் பஞ்சு. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் 'புஸ்'ஸையே சொல்லியிருந்தால் நாலரைக்கு ஊரில் இருந்திருப்போம். வெட்கமாக இருந்தது.

"சரி தாயி, அழாத" என்ற பிச்சையா உடனே கிளம்பவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, திறந்துவைத்த திருகைச் சரிசெய்ய உட்கார்ந்தார். மெதுவாக முட்டும்வரை மூடினால் எஞ்சின் தும்மியது. ஒன்றரைச் சுற்றுத் திறந்தார். மேலே கால் சுற்றுப் போனால் புகைந்து நொண்டியது, கால் சுற்றுக் குறைத்தால் இருமியது. நடுவில் ஓரிடத்தில் சத்தம் ஒரே சீராய் நின்றது. இன்னொரு திருகால் வேகத்தைத் தணித்தார். மூன்று நிமிஷந்தான், எங்களுக்கு மூன்று யுகம்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஊரெல்லையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அதற்குமேல் தலைகள்தான். இறங்கிய செல்லம்மாளிடம் பிச்சையா கையை நீட்டினார். அந்த அழுக்குப் பஞ்சு. "பதிமூணு வருசமா ஆளுகள இங்கன கொண்டாந்து எறக்குதேன். வண்டிய விட்டுட்டு ஒரு தபசும் பாத்ததில்ல. எம்பேரச் சொல்லி இதையும் போட்டுரு தாயி."

நாங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. நாலு பக்கமும் பருத்தியும் வற்றலும் பறந்தன. அவள் தன் பொதியை அவிழ்க்குமுன் அந்தச் சிட்டிகையைத்தான் முதலில் வீசினாள். "இது டைவர் அண்ணாச்சிக்குத் தாயே!" பிறகுதான் தன் பஞ்சு. வீசிவிட்டு விழுந்து கும்பிட்டு அழுதாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே பஸ்ஸில் திரும்பினேன். மதுரையில் பஸ் நின்றால் டிரைவரைத் திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவன் நான். அன்று பிச்சையாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"எங்கன விழுந்துது சார்?"

"அம்மன் சப்பரத்தில்" என்றேன்.

அது பொய். ஆடிக்காற்று அந்தச் சிட்டிகையைத் திருப்பி எங்கள் தலைக்கு மேலேயே கொண்டுபோனதை நான் பார்த்தேன். சொல்ல வேண்டிய சத்தத்தை வழியில் இரண்டு தடவை சொல்லாமல் விட்டவன், இதையும் அவரிடம் சொல்லாமலே கோவில்பட்டியில் இறங்கிக்கொண்டேன்.