ஆயில் சேம்பரும் மேல்வீட்டு மௌனமும்

எங்கள் வீட்டு மாடியில் ஆடி மாதத்திலிருந்து ஒருவர் பேசாமல் குடியிருந்தார். திருவண்ணாமலையில், அதுவும் செங்கம் சாலைப் பக்கம், இது பெரிய செய்தி இல்லை. தெருவுக்கு ஒரு வெளிநாட்டுக்காரராவது மௌனத்தில் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் போலந்துக்காரர், அறுபது வயதிருக்கும், எழுதிக்கூடக் காட்டமாட்டார். கார்த்திகை தீபம் மலையில் ஏறுகிற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது என்று, பேசிக்கொண்டிருந்த கடைசி நாளில் அப்பாவிடம் சொல்லியிருந்தார். எதற்காக என்று அப்பா கேட்கவில்லை. குடிவந்தவர்களின் பக்தியைத் துருவக் கூடாது என்பது வீட்டுக்காரராக அவருடைய கொள்கை.

எனக்கு அப்போது பத்து வயது. அவர் பேசிய நாட்களிலெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டதால், அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தீராத கேள்வியாக இருந்தது. அவ்வளவு பெரிய தாடிக்குள்ளிருந்து கரகரவென்று வருமா, கீச்சென்று வருமா? தும்மும்போதாவது கொஞ்சம் கேட்கலாம் என்று மாடிப்படியில் காத்திருந்து பார்த்தேன். மனிதர் தும்மவே இல்லை.

அம்மாவோ அவருடைய மௌனத்தைத் தன் சொந்த விரதம் போல நடத்தினாள். மதியச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். அம்மா சோறு போட்டுக்கொண்டே போவாள், அவர் உள்ளங்கையைக் காட்டுவார், "போதுமா?" என்று கேட்டு அம்மா நிறுத்துவாள். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்பது சட்டம். கேள்வி கேட்டால் பதில் வாய்வரைக்கும் வந்துவிடுமாம்.

"நம்ம வீட்ல இருக்கசொல்ல அவரு விரதம் கெட்டுதுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது" என்று என்னைப் பார்த்துத்தான் எப்போதும் சொல்வாள். ஏன் என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள் என்று அப்போது எனக்கு வருத்தம். இப்போது இல்லை.

அப்பாவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதற்கு என்னைவிட வயது அதிகம். ஐப்பசி மழை விட்ட சமயத்தில் அது எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. காலையில் அம்மா கோலம் போட வந்தால் வாசலில் கருப்பாக ஒரு வட்டம் காத்திருக்கும். என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தட்டை ஆயில் சேம்பர் என்பார்கள். அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு கேஸ்கட், கார்க்கில் வெட்டிய பட்டை, இருக்கும். அதுதான் போய்விட்டது என்றார் மெக்கானிக். ஆனால் தீபம் முடிகிற வரைக்கும் வண்டியைத் தொடவே நேரம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். தீபத்துக்கு அத்தை குடும்பம் வருகிறது, பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், கார் வேண்டும். அப்பா கேஸ்கட்டை வாங்கிவந்து, நாமே போட்டால் என்ன என்றார். அம்மா அவருடைய பழைய லுங்கியை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, முன்சக்கரங்களைக் கட்டை மேல் ஏற்றி, பழுப்பேறிய ஒரு பிளாஸ்டிக் பேசினில் எண்ணெயை வடித்துவிட்டு அப்பா அடியில் போய்ப் படுத்தார். என்ஜினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நானும் தரையோடு தரையாகப் படுத்தேன். நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். கருப்பாக, பளபளப்பாக ஏதோ கொஞ்சம் தெரிந்தது. பழைய கேஸ்கட் அப்பளம் மாதிரி உடைந்து உடைந்து வந்தது. புதியதை வைத்து, அப்பா போல்ட்டுகளைத் தன் முழு பலத்தையும் கொடுத்து முறுக்கினார். சொட்டுவது நிற்க வேண்டுமானால் இறுக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேலிருந்து பார்த்தால் அப்பாவின் கால்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவர் முக்கியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

வியர்வை துடைக்க வெளியே வந்த அப்பா மாடியைப் பார்த்தார். அங்கே போலந்துக்காரர் கைப்பிடிச் சுவர் மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து எங்களை நோக்கி நீட்டியிருந்தார். அப்பா பக்தியோடு கும்பிட்டார். அம்மாவும் ஓடிவந்து கும்பிட்டு, என் தலையையும் பிடித்துக் குனியவைத்தாள். தினமும் சாப்பாட்டில் அதே கையைப் பார்த்துக் கரண்டியை நிறுத்துகிறவள், கார் என்றதும் அதை ஆசீர்வாதமாக்கிவிட்டாள். ஆசி கிடைத்த தெம்பில் அப்பா எல்லா போல்ட்டையும் இன்னொரு சுற்று முறுக்கினார்.

மறுநாள் காலை வட்டம் முன்பைவிடப் பெரியதாக இருந்தது. கார்க் நசுங்கிப் பிதுங்கி ஒரு பக்கம் வெளியே வந்துவிட்டது. போதுமான அளவு இறுக்கவில்லை என்று அப்பா முடிவுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே லுங்கி. அந்தக் காருக்கான கேஸ்கட் கடையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் வாங்கியாகிவிட்டது. தீபத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அப்பா போல்ட்டுகளை மாட்டி முதல் முக்கு முக்கியதும் மாடிப்படியில் காலடி கேட்டது. போலந்துக்காரர் இறங்கி வந்து காரின் பக்கத்தில் குந்தினார். உள்ளங்கையைக் காருக்கு அடியில் நீட்டினார். படுத்திருந்த அப்பாவால் கும்பிட முடியவில்லை. ஸ்பானரை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அடுத்த போல்ட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்தார்.

"போதும்!"

அப்பாவின் தலை எதிலோ இடித்துக்கொண்டது. அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். நான் நினைத்துவைத்திருந்த எந்தக் குரலும் இல்லை அது. ரொம்ப நாள் மூடியிருந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் தண்ணீருமாக வருமே, அப்படி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

போலந்துக்காரர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம வாசல்ல வந்தா இது ஆவணும்?" என்றாள்.

அப்பா தவழ்ந்து வெளியே வந்தார். ஒரு கை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தைதானே சார். யாரும் கேக்கல. கணக்குல வராது."

எனக்கு நன்றாகக் கேட்டது என்று நான் சொன்னேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவின் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனார். அப்பா இறுக்கியதையெல்லாம் தளர்த்தினார். ஸ்பானரை இரண்டே விரலால் பிடித்து, ஒரு மூலையில் ஒரு போல்ட், எதிர் மூலையில் ஒரு போல்ட் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு வந்தார். விரதம்தான் போய்விட்டதே என்றோ என்னவோ, வேலை முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். பாதி ஆங்கிலம், மீதி அவர் பாஷை. அப்பா தமிழில் "ஆமா சார், ஆமா சார்" என்றார். பொழுது சாயும் முன் புது எண்ணெய் ஊற்றி, அடியில் பேப்பர் விரித்து என்ஜினை ஓடவிட்டோம். பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. அப்பா அதை எடுத்துத் தெருவில் போனவர்களிடமெல்லாம் காட்டினார்.

போலந்துக்காரர் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மௌனம் தொடங்கிய அன்று அப்பாவிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொல்லியிருந்த தன் போனைக் கேட்டார். அது சார்ஜ் ஏறுகிறவரைக்கும் கையைக்கூடக் கழுவாமல் காத்திருந்தார். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து யாரையோ அழைத்தார். நான் படிக்குக் கீழே செருப்பு விடும் இடத்தில் நின்று எட்டிப் பார்த்தேன்.

திரையில் ஒரு பெண். எங்கள் பள்ளி டீச்சர் வயது இருக்கும். அவருடைய மூக்கே அவளுக்கும். அவர் தன் கருப்பான கைகளை உயர்த்தித் திரையில் காட்டினார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டாள். அவர் என்னவோ சொன்னார், மூன்று நான்கு வார்த்தை இருக்கும். அதன் பிறகு இரண்டு பேரும் ஒன்றுமே பேசவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கண் இமைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்காகவா ஆடியிலிருந்து காத்தது என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன்.

"பேசாம உக்காந்துக்கினு இருக்கறதுக்கு எதுக்கும்மா போனு?"

அம்மா எழுந்து வந்து படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். ஆடியிலிருந்து எங்களை நாடகம்கூடக் காதோடு காதாகப் பார்க்கவைத்தவள், டிவியைப் போட்டுச் சத்தத்தை முழுக்க வைத்தாள். உரம் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவருடைய விரதம் போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.