பதினைந்து ஜூல் மிச்சம் பிடித்த மிஹ்லார்

நாட்டுச் சண்டை முடிந்து மூன்றாம் வருஷம் தில்லையடி மிஹ்லார் வாடகைக்கு ஓட்ட ஒரு த்ரீவீல் ஆட்டோ எடுத்தார். அவருக்கு இரண்டு பெருமைகள்: ஒன்று அந்த த்ரீவீல், மற்றது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மனைவி கைருன்னிஸா. இரண்டும் தனக்கு முழுசாக விளங்கும் என்று வேறு ஒரு நினைப்பு.

வீட்டு வளவில் நிழல் என்றால் பக்கத்து வீட்டு நெய்னாரின் தென்னைதான், மதிலைத் தாண்டிச் சாய்ந்து நின்றது. வெயிலில் விட்டால் சீற் வெடிக்கும். நிழலில் விட்டால் தேங்காய் விழும். ஐப்பசியில் விழுந்தது ஒன்று. முன் கண்ணாடி போய், சிலாபத்திலிருந்து புதுசு வரும்வரை ஒரு கிழமை ஓட்டமில்லை. இதுவும் உடைந்தால் வீட்டில் அடுப்பும் ஓய்ந்துவிடும். நெய்னாரோ மரத்தில் கத்தி வைக்க விடமாட்டார்.

கைருன்னிஸா கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். தேங்காய் ஒன்றரைக் கிலோ, குலையிலிருந்து கண்ணாடிக்குப் பத்து மீற்றர், புவியீர்ப்புக்கு ஒரு பத்து. பெருக்கினால் நூற்றைம்பது ஜூல். உயரம் குறைந்தால் சக்தியும் குறையும், ஆனால் நமக்கு நல்லது வண்டியை வேறு இடத்தில் விடுவது என்று முடிக்கப் பார்த்தார். மிஹ்லார் "உயரம் குறைந்தால்" என்ற இடத்திலேயே எழும்பிப் போய்விட்டார்.

மரத்தைக் கட்டையாக்க முடியாது, வண்டியை உயர்த்தலாம்தானே. நெய்னாருக்கு உப்பளத்தில் வேலை, கழிவு உப்பு மூட்டைக்குப் பஞ்சமில்லை. மரத்தை விட்டுவைக்கும் எந்த யோசனைக்கும் அவர் தோள் கொடுப்பார். ஒரு மீற்றர் உயரத்துக்கு மூட்டை அடுக்கி, பலகை சாய்த்து, தெருவில் போன நாலு பேரையும் பிடித்து வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள்.

"இப்ப ஒன்பது மீற்றர், புள்ள. பதினஞ்சு ஜூல் மிச்சம்."

கைருன்னிஸா மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "மழை வந்தா என்ன செய்வீங்க?"

"மழைக்குத்தானே வண்டிக்குக் கூரை இரிக்கி."

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை மிஹ்லார் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது, வண்டிக் கூரைத் தண்ணீர் விழுந்த பக்கத்து மூட்டைகளில் சாக்கு மட்டும் இருந்தது. உப்பு கரைந்து களப்புத் தண்ணீரைத் தேடிப் போயிருந்தது. த்ரீவீல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. கண்ணாடி பொடிப்பொடி.

கைருன்னிஸா பழைய கடதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். வண்டி முந்நூறு கிலோ, உயரம் ஒரு மீற்றர், மூவாயிரம் ஜூல். இருபது தேங்காய் ஒரேயடியாக விழுந்த கணக்கு.

மிஹ்லார் கடதாசியைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து குலையைப் பார்த்தார். காய் ஒன்றும் குறையவில்லை.

"எண்டாலும் புள்ள," என்றார், "தேங்காய் விழல்லதானே."